கறிக்கோழித் தீவனத்தில் லைசின், மெத்தியோனின் எத்தனை கிராம் போடவேண்டும்? தண்ணீரில் டானிக் ஊற்றினால் போதாதா?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் 1000 பிராய்லர் வளர்க்கிறோம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு வாங்கி நாங்களே கலக்கிறோம். சோயா விலை ஏறினால் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு போடுவோம். கோழி ஒன்றுபோல வளரவில்லை, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்கிறது. அமினோ அமில டானிக் ஊற்றச் சொல்கிறார்கள். போதுமா அண்ணாச்சி?

பதில்:

போதாது தம்பி. லைசினும் மெத்தியோனினும் புரதத்தைக் கட்டும் செங்கல் போன்ற அமினோ அமிலங்கள்; கோழிக்கு இவை தீவனத்திலிருந்துதான் கிடைக்கவேண்டும். டானிக் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 10 மில்லியில் 100 மில்லிகிராம் மெத்தியோனின் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டரில் இருப்பது 10 கிராம். மூன்று வாரக் கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். 1000 கோழிக்கு 100 கிலோ. அந்த 100 கிலோவில் குறைகிற மெத்தியோனினே 250 முதல் 300 கிராம் வரும். அதை டானிக்கில் ஈடுகட்ட தினமும் 25 லிட்டருக்கு மேல் ஊற்றவேண்டும். தூளாக வாங்கித் தீவனத்தில் கலப்பதுதான் வழி.

மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் குறைவது மெத்தியோனின், அடுத்து லைசின், மூன்றாவது திரியோனின். முதலில் குறைவதைச் சரிசெய்யாமல் அடுத்ததை எவ்வளவு கொட்டினாலும் கோழிக்குச் சேராது. உடைத்து எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும். லைசின் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு "பலன் இல்லை" என்பவர்கள் பலரும் இந்த வரிசையைத்தான் கவனிக்கவில்லை.

இப்போது கணக்கு. ஸ்டார்ட்டர் (குஞ்சுப் பருவத்) தீவனம் 100 கிலோவில் மக்காச்சோளம் 56 கிலோ, 45 சதவீதப் புரதமுள்ள சோயா 38 கிலோ என்று வையுங்கள். மீதி எண்ணெய், டிசிபி (கால்சியமும் பாஸ்பரஸும் தரும் தூள்), சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, பிரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை). மக்காச்சோளத்தில் லைசின் 0.25 சதவீதம், சோயாவில் 2.8 சதவீதம். 56 கிலோவிலிருந்து 140 கிராம், 38 கிலோவிலிருந்து 1064 கிராம், ஆக மொத்தம் 1204 கிராம். தேவை சுமார் 1350 கிராம். குறைவது 146 கிராம். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதம்தான் லைசின். அதனால் 146-ஐ 0.78-ஆல் வகுத்து, 190 கிராம் தூள் போடவேண்டும்.

மெத்தியோனினை சிஸ்டின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இறகு முளைக்க சிஸ்டின் நிறைய தேவை. அது குறைந்தால் கோழி மெத்தியோனினிலிருந்தே செய்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து மக்காச்சோளத்தில் 0.36, சோயாவில் 1.28 சதவீதம். மேலே சொன்ன கலவையில் 688 கிராம் வரும். தேவை 980 கிராம். டிஎல்-மெத்தியோனின் 99 சதவீதத் தூய்மையில் வருவதால் 295 கிராம் போட்டால் சரி. திரியோனின் 50 கிராம் போதும். ஃபினிஷருக்கு (விற்பனைக்கு முந்தைய பருவத் தீவனம்) மக்காச்சோளம் 64, சோயா 29 என்று மாற்றினால் மெத்தியோனின் 240, லைசின் 190 கிராம் என்ற அளவில் நிற்கும். இவை மொத்த அளவுகள். கம்பெனிக் கையேட்டில் செரிமான அளவு (கோழிக்குச் செரித்துச் சேரும் பங்கு மட்டும்) போட்டிருப்பார்கள்; அந்த எண் கொஞ்சம் சிறியதாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கோளாறு பெரும்பாலும் கடலைப் புண்ணாக்கில்தான் இருக்கவேண்டும். புரதம் சோயா அளவுக்கு இருந்தாலும் லைசின் சுமார் 1.5 சதவீதம்தான். சோயாவில் 10 கிலோவை எடுத்துவிட்டுக் கடலை போட்டால் 130 கிராம் லைசின் போய்விடும். அதற்கு மட்டும் 165 கிராம் தூள் கூடுதலாக வேண்டும். திரியோனினிலும் 50 கிராமுக்கு மேல் குறையும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதல், புரதம் குறைவு, இடைவெளி இன்னும் பெரிதாகும். அதோடு பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின். மழைக்காலத்தில் நனைந்த கடலையில் ஆட்டிய புண்ணாக்கு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். அப்புறம் எந்த அமினோ அமிலமும் காப்பாற்றாது. என்னைக் கேட்டால் ஸ்டார்ட்டரில் கடலைப் புண்ணாக்கே வேண்டாம்; ஃபினிஷரில் 100 கிலோவுக்கு 5 கிலோவோடு நிறுத்துங்கள்.

எள்ளுப் புண்ணாக்கு இதற்கு நேர் எதிர்: மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. 5 கிலோ வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் அதிலுள்ள பைட்டேட்டும் ஆக்சலேட்டும் கால்சியம், துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடியிலிருந்து வரும் கருவாட்டுத் தூளில் இரண்டும் உண்டு, ஆனால் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும். விற்பதற்கு முந்தைய கடைசி வாரங்களில் அதை நிறுத்தாவிட்டால் கறியில் மீன்வாடை அடிக்கும். குருணையை மக்காச்சோளத்துக்குப் பதிலாகப் போட்டால் அமினோ கணக்கு பெரிதாக மாறாது; தோல் மட்டும் வெளிறிப் போகும்.

சோயாவிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. பச்சையாக விட்டிருந்தால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அப்படியே இருக்கும். அதிகம் வறுத்துக் கரும்பழுப்பாக்கினால் முதலில் வீணாவது லைசின்தான். ஆய்வகத்தில் காட்டினால் புரத அளவு மாறாமல் நன்றாகவே வரும், கோழி மட்டும் வளராது. அதனால் புரதத்தோடு யூரியேஸ் சோதனையும் (பச்சையாக இருக்கிறதா என்று காட்டும்) கேஓஎச் கரைதிறன் சோதனையும் (அதிகம் வறுபட்டதா என்று காட்டும்) கேட்டு வாங்குங்கள். கரைதிறன் 78-லிருந்து 85 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கலவை விகிதம் பற்றிய சந்தேகத்துக்கு நம்ம ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரியில் கேட்கலாம்.

கலக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 295 கிராமை நேராக 100 கிலோ குவியலில் தூவினால் ஒரு கோழிக்கு வாய் நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. கோழி ஒன்றுபோல வளராததற்கு இதுவும் காரணமாகலாம். மூன்று தூளையும் மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் தனித்தனியாக நிறுங்கள். மூட்டை நிறுக்கும் தராசு 50 கிராமைக் காட்டாது. முதலில் 2 கிலோ மாவில் கலந்து, அதை 10 கிலோவில், பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். நிற்கும் மிக்சரில் 10 முதல் 15 நிமிடம் ஓடட்டும். தரையில் மண்வெட்டியால் என்றால் ஐந்து முறையாவது குவியலை இடம் மாற்றுங்கள். எண்ணெய் கடைசியில். முன்னாலே ஊற்றினால் தூள் கட்டி கட்டியாகிவிடும்.

உப்பைக் குறைக்கவும் மறக்காதீர்கள். 190 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடில் சுமார் 37 கிராம் குளோரைடு இருக்கிறது. 60 கிராம் உப்பில் இருக்கிற அளவு அது. உப்பில் 60 கிராமை எடுத்துவிட்டு 85 கிராம் ஆப்பச்சோடா போட்டால் சோடியம் ஈடாகும். சித்திரை வெயிலில் கோழி இரைக்கும்போது இந்தச் சோடா கூடுதலாகவும் கைகொடுக்கும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் கொடுப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துவிட்டு இதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் எச்சம் தண்ணியாகிக் கூளம் ஈரமாகும்.

தூள் வாங்கும்போது: டிஎல்-மெத்தியோனின் வெள்ளையாக மினுமினுக்கும், கந்தக வாடை அடிக்கும். 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மூன்று கிராம் அளவுக்குத்தான் கரையும். முழுவதும் கரைந்துவிட்டால் உப்போ சர்க்கரையோ கலந்திருக்கிறது. கரண்டியில் போட்டு எரித்தால் சாம்பல் மிஞ்சக்கூடாது (வெளியில் வைத்து எரியுங்கள், நாற்றம் தாங்காது). பழுப்பு நிறக் குருணையாக வரும் லைசின் சல்பேட்டில் லைசின் 55 சதவீதம்தான், 190-க்குப் பதில் 270 கிராம் வேண்டும். அதில் குளோரைடு தொல்லை இல்லை என்பதால் உப்பைக் குறைக்கத் தேவையில்லை.

இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வளரும் என்று நினைக்கவேண்டாம். மெத்தியோனின் அதிகமானால் கோழி தீவனம் எடுப்பதே குறைந்துவிடும். இறகு பிடுங்குவதற்கு நெருக்கமும் அதிக வெளிச்சமும்கூடக் காரணமாகும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் இந்தத் தூள் எதையும் தொடவேண்டாம். அவர்கள் தரும் தீவனத்தில் இவை ஏற்கெனவே இருக்கும்.

ஒரு கோழி விற்பனைக்குள் மூன்றரைக் கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால், உங்கள் 1000 கோழிக்கு ஒரு பேட்ச்சுக்கு 9 முதல் 10 கிலோ மெத்தியோனினும் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக லைசினும் செலவாகும். 25 கிலோ மூட்டையாக வாங்கினால் இரண்டு பேட்ச் தாண்டும். லைசின் ஈரத்தை இழுத்து இறுகிவிடும். பிரித்த மூட்டையைக் கட்டி, மூடியுள்ள டிரம்மில் வையுங்கள்.