23ஆம் சங்கீதத்தை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்

கேள்வி: எங்கள் சபை திசையன்விளை பக்கம். வருகிற பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து) கேரளா, ஆந்திரா, வடநாடு என்று வெளியூர் விருந்தினர் வருகிறார்கள். 23ஆம் சங்கீதத்தையும் ஒரு சிறிய அழைப்புக் குறிப்பையும் மலையாளம், தெலுங்கு, இந்தியில் அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறோம். போனில் போட்டு மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். டவுனில் ஒரு ஏஜென்ட், பக்கத்துக்கு 900 ரூபாய் கொடுத்தால் சீல் போட்டே தருகிறேன் என்கிறார். எங்களில் யாருக்கும் அந்த மொழிகள் தெரியாது. சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சங்கீதம் மூன்று மொழியிலும் அச்சாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. வருகிற விருந்தாளிகளில் பலர் அதை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது பார்த்து எழுதுகிற வேலைதான்.

தமிழிலிருந்து பெயர்த்தால் என்ன கெடும் என்பதற்கு முதல் வசனமே போதும். 'நான் தாழ்ச்சியடையேன்.' இது 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பின் தமிழ். அந்தத் திருத்த வேலையில் உங்கள் பக்கத்து இடையன்குடி கால்டுவெல் ஐயருக்கும் பங்கு உண்டு. அங்கே தாழ்ச்சி என்றால் குறைவு, இல்லாமை. இன்றைய காதுக்கோ 'என் மதிப்பு இறங்காது' என்று கேட்கும். அந்தப் பொருளை இந்திக்குக் கொண்டுபோனால் தாவீது தன் அந்தஸ்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். இங்கிலீஷ் வழியாகப் போனாலும் இதே கதைதான். அங்கே 'ஐ ஷால் நாட் வான்ட்' என்று இருக்கிற 'வான்ட்' பழைய வழக்கில் இல்லாமை, இப்போதைய வழக்கில் விருப்பம். அரைகுறையாகப் படித்தவர் கையில் சிக்கினால் 'கர்த்தர் என் மேய்ப்பர், அவர் எனக்கு வேண்டாம்' என்று முடியும்.

அச்சில் இருப்பதைப் பாருங்கள். 1910ஆம் ஆண்டு மலையாள வேதாகமத்தில் 'யஹோவ என்றெ இடயனாகுன்னு. எனிக்கு முட்டுண்டாகயில்ல' என்று இருக்கிறது. நாம் முட்டுப்பாடு என்கிறோமே, அதே முட்டு. தெலுங்கில் 'யெஹோவா நா காபரி, நாகு லேமி கலுகது'. லேமி என்றால் இல்லாமை. இந்தியில் 'யஹோவா மேரா சர்வாஹா ஹை, முஜே குச் கட்டீ ந ஹோகீ'. மூன்றும் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கின்றன.

இதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு இரண்டு இடத்தில் கை துறுதுறுக்கும். ஒன்று, நம்மிடம் 'கர்த்தர்' என்று இருக்க அங்கே 'யஹோவா' என்று இருப்பது. அது அந்தந்தப் பதிப்பின் முடிவு, மாற்றாதீர்கள். இரண்டாவது மரியாதை. நான்காம் வசனத்தில் நாம் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்கிறோம். இந்தியில் அது 'தூ மேரே சாத் ரஹ்தா ஹை'. 'ஐயோ, ஆண்டவரை நீ என்பதா' என்று 'ஆப்' போட்டுத் திருத்துகிற புண்ணியவான் ஒவ்வொரு கமிட்டியிலும் இருப்பார். இந்தியில் கர்த்தருடைய ஜெபமே 'தூ' என்றுதான் போகிறது. அங்கே அது நெருக்கம், மரியாதைக் குறைவு அல்ல.

எடுக்கும்போது பதிப்பின் பெயர் தெளிவாகப் போட்டிருக்கிற ஆப்பிலிருந்தோ தளத்திலிருந்தோ எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து டைப் அடிக்காதீர்கள். ஒரு மொழிக்கு ஒரே பதிப்பு. முதல் மூன்று வசனம் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலுமாக ஒட்டுப்போடக் கூடாது. வசன எண் 6 வரை இருக்கிறதா என்று எண்ணுங்கள், அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. புதிய மொழிபெயர்ப்பு என்றால் அதன் உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு, பதிப்பின் பெயரைக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள்.

அடுத்த பள்ளம் டிடிபி, அதாவது அச்சுக்குக் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை. சில அச்சகங்களில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான். யூனிகோட் எழுத்தை (போனிலும் இணையத்திலும் இருக்கிற எழுத்து முறை) அதில் ஒட்டினால் உடைந்துபோகும். உடனே கடைக்காரர் கையிலிருக்கிற ஒரு பழைய ஃபாண்டில் ஒப்பேற்றுவார், நீங்களும் 'ஏதோ இந்தி மாதிரிதான் இருக்கு' என்று தலையாட்டுவீர்கள். மொழி தெரியாமலே பிடிக்கக்கூடிய தப்புகள் இருக்கின்றன. எங்காவது எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியால் ஆன சிறு வட்டம் தெரிந்தால் அந்தச் சொல் உடைந்திருக்கிறது. இந்தி நான்காம் வசனக் கடைசியில் 'சாந்தி மில்தீ ஹை' என்று வரும். அதில் 'சாந்தி'யின் குறில் இகரக் கொக்கி 'ந்த' கூட்டெழுத்துக்கு இடப்புறம் நிற்க வேண்டும். வலப்புறம் தாவியிருந்தால் ப்ரூஃபைத் திருப்பி அனுப்புங்கள். மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ன், ர், ல் ஆகியவற்றுக்குத் தனி எழுத்து வடிவம் உண்டு. பழைய ஃபாண்டில் அந்த இடத்தில் கட்டம் கட்டமாக வரும். தெலுங்கில் ஒத்தெழுத்து அடியில் தொங்கும். தமிழுக்கு வைத்த வரி இடைவெளியையே அதற்கும் வைத்தால் வால் அறுந்துபோகும். போன் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். நிஜ அளவில் தாளில் அடித்து வாங்கி, மூலத்தோடு எழுத்தெழுத்தாக வைத்துப் பாருங்கள். சிவகாசிக்கு அனுப்பினாலும் இதேதான்.

இனி, நீங்கள் உண்மையிலேயே மொழிபெயர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அழைப்புக் குறிப்பு. பார்த்து எழுதுங்கள் என்ற விதி இதற்குச் செல்லாது, ஏனென்றால் இது உங்கள் வாசகம், எந்தப் புத்தகத்திலும் இல்லை. இங்கேதான் ஒரு சொல் உங்களை மாட்டிவிடும்: அசனம். திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே தமிழ்க் கிறிஸ்தவர்களிலேயே பலருக்கு இந்தச் சொல் பிடிபடாது. அப்படியே ஒலியை எடுத்து இந்தியில் எழுதினால் 'ஆசன்' ஆகி, இருக்கை அல்லது யோகாசனம் என்று நிற்கும். 'ஆலய வளாகத்தில் மதியம் ஆசனம்' என்று படித்த பீகார்க்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அவர்மேல் குற்றமில்லை. 'உணவு' என்று மட்டும் போட்டால், எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிற அந்த அர்த்தம் போய், அன்னதானம் போலாகிவிடும். மலையாளத்தில் 'ஸ்நேஹ விருந்நு', தெலுங்கில் 'பிரேம விந்து', இந்தியில் 'ப்ரீதி போஜ்' என்ற சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள். 'அசனம்' என்பதையும் விட மனமில்லையென்றால் அந்தந்த எழுத்தில் அதை எழுதி, பக்கத்திலேயே இந்தச் சொல்லையும் சேருங்கள்.

இன்னொன்று நாம்-நாங்கள். 'நாங்கள் உங்களை வரவேற்கிறோம், நாம் சேர்ந்து ஆராதிப்போம்' என்பதில் இரண்டும் வேறு. மலையாளத்தில் ஞங்ஙள்-நாம், தெலுங்கில் மேமு-மனமு என்று அந்த வேறுபாடு அப்படியே உண்டு. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான், அதனால் 'சேர்ந்து' என்ற சொல்லை விடாமல் எழுத வேண்டும். இங்கிலீஷ் வழியாகப் போகிற மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு வழியிலேயே தொலைந்துவிடும். மலையாளி விருந்தாளி 'ஞங்ஙள் ஆராதிப்போம்' என்று படித்தால் தன்னை வெளியே நிறுத்திவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

குறிப்பை ஐந்து வரிக்குள் வையுங்கள். தமிழிலேயே சிறு சிறு வாக்கியமாக, ஒரு வரிக்கு ஒரு செய்தி. எழுதித் தருகிறவருக்கு அது தாய்மொழியாக இருக்க வேண்டும். இந்திப் பிரச்சார சபையின் பிரவீண் பரீட்சை பாஸ் ஆனவர் இந்திப் பாடம் நடத்துவார், அவர் காது நம் ஊர்க் காது. எழுதி வந்ததை, தமிழ் மூலத்தைக் கண்ணில் பார்க்காத இன்னொரு தாய்மொழிக்காரரிடம் கொடுங்கள். மலையாளத்துக்குச் செங்கோட்டையைத் தாண்டினால் ஆள் கிடைக்கும். சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்: யார் கூப்பிடுகிறார்கள், யாரை, எதற்கு, எத்தனை மணிக்கு? தடுமாறினால் அந்த வரியை மாற்றுங்கள். 'நல்லாருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள்.

சங்கீதத்தையும் இப்படிப் படித்துக் காட்டச் சொல்லலாம். இளவயது இந்திக்காரர் 'கட்டீ' என்ற பழஞ்சொல்லில் நின்று யோசிப்பார். அப்போதும் சொல்லை நீங்களே மாற்றாமல், எளிய இந்தியில் வந்திருக்கிற வேறு பதிப்பை முழுதாக எடுங்கள்.

சீல் பற்றி: அவர் போடுவது அவர் கடை ரப்பர் ஸ்டாம்ப். வேதப்பகுதி சரி என்று சான்று கொடுக்கிற அதிகாரம் அதற்குக் கிடையாது. போனில் நீங்கள் செய்ததையே அவரும் செய்து 900 ரூபாய் வாங்குவார். மொழி சரியா என்று கேட்க ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நீங்கள் ஏன் அவரிடம் போகப்போகிறீர்கள்? அசனத்துக்கு எத்தனை கோட்டை அரிசி என்று பார்க்க ஒரு கமிட்டி, பந்தலுக்கு ஒரு கமிட்டி, அச்சுக்குப் போகிற எழுத்தைப் பார்க்க மட்டும் ஆள் கிடையாது. கமிட்டியில் ஏழு பேர் ப்ரூஃபைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே ப்ரூஃப் கைக்கு வந்துவிட வேண்டும். திருத்தியதும் இரண்டாவது ப்ரூஃப் கேளுங்கள், ஒரு தப்பைத் திருத்தும்போது பக்கத்து வரி கலைவது வழக்கம்.