காலியாக்கப்பட்ட காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘பேனிஷர்ஸ்’ என்ற வீடியோ கேமை விளையாடி முடித்த கையோடு நண்பர்கள் மூவர் சேர்ந்து சிறிய திகில் வீடியோ கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். களம் 1690களின் நியூ இங்கிலாந்து, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி. கைவிடப்பட்ட ஒரு குடியேற்றம், சுற்றிலும் காடு, கையில் ஒரு துப்பாக்கி. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் “அழகாக இருக்கிறது, பயமாகத்தான் இல்லை” என்கிறார்கள். இருட்டைக் கூட்டினோம், திரை சாம்பல் பூத்து வெளுக்கிறது. ஆவிகளைக் கூட்டினோம், சுட்டுத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

கே.

அன்புள்ள கே.,

வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டோ எக்ஸ்போஷர். கண் இருட்டுக்குப் பழகுவதைப் போல, விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சினும் காட்சியின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்துக் கறுப்பைத் தூக்கிவிடுகிறது. நீங்கள் விளக்கைக் குறைக்கக் குறைக்க அது ஈடுகட்டிக்கொண்டே போகும். உங்கள் எஞ்சின் அன்ரியல் என்றால் போஸ்ட் பிராசஸ் வால்யூம் என்ற அமைப்பில் எக்ஸ்போஷரின் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டியதும் பனிமூட்டத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழும்பும். 8 பிட் திரையில் இருட்டுக்கான படிகள் போதாமல் வருவது அது. கிரெய்ன் என்னும் பொடிப் புள்ளிகளைக் கொஞ்சம் தூவினால் மறையும். அதிகம் தூவினால் படம் அழுக்காகிவிடும்.

கைவிளக்கைச் சரியாகக் கேமரா இருக்கும் இடத்திலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வைத்தால் எல்லா நிழலும் அந்தந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், காடு தட்டையாகத் தெரியும். ஒரு முழம் கீழே, ஒரு முழம் இடப்பக்கம் தள்ளுங்கள். மரங்களின் நிழல் நடக்க ஆரம்பிக்கும். நிழல் விழும் விளக்கு அது ஒன்றே போதும், எல்லாப் பக்கமும் ஒளி வீசும் பாயிண்ட் லைட்டின் நிழலுக்கு எஞ்சின் ஆறு திசையிலும் காட்சியை வரைய வேண்டியிருக்கும். விளக்கின் நிறம் 1900 கெல்வின் அருகில், மெழுகுவர்த்திச் சுடர் போல இருக்கட்டும். ஏழைக் குடியேறிகள் மெழுகுவர்த்திக்குப் பதிலாகப் பிசின் நிறைந்த பைன் மரச் சிம்புகளை எரித்தார்கள். புகை மண்டும், பிசின் சொட்டும். புகையை முன்னால் விட்டால் பாதிக் காட்சியை அதுவே மறைத்துவிடும், உங்களுக்கு வேலை மிச்சம்.

இனி துப்பாக்கி. அதைப் பிடுங்கிவிடச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை தருவார்கள், கேட்காதீர்கள். பிடுங்க வேண்டியது வேகத்தை. அக்காலச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் ஒரு குண்டு போட, சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் குதிரையைப் பாதி இழுத்து, கிண்ணியில் சிட்டிகை வெடிமருந்து வைத்து மூடி, கட்டையைத் தரையில் ஊன்றி, குழலில் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டையும் அடைப்பையும் விட்டு, கம்பியால் கெட்டித்து, கம்பியை உருவி அதன் இடத்தில் செருகி, குதிரையை முழுதும் இழுக்க வேண்டும். பழகிய கைக்கே 20, 30 விநாடி பிடிக்கும். இதை ஒரே அனிமேஷனாக ஓட்டினால் சலிப்புத்தான் வரும். ஒவ்வோர் அடியையும் தனிப் பட்டனாக்கி, நடுவில் விட்டு ஓடவும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் இடம் கொடுங்கள். மழையில் கிண்ணி மருந்து நனைந்தால் கல் பொறி தட்டும், வெடிக்காது. சிலசமயம் கிண்ணியில் மட்டும் பளிச்சென்று பற்றும், குழலுக்குள் தீ போகாது. பதற்றத்தில் கம்பியை உருவ மறந்து சுட்டால் கம்பியும் குண்டோடு பறந்துவிடும். பிறகு கெட்டிக்க ஒன்றும் இல்லை. போர்க்களத்தில் நிஜமாகவே நடந்த தவறு இது. விளையாடுபவர் தன் கையாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டதாக உணர்வார், கம்பியைத் தேடி இருட்டுக்குள் போவார்.

ஆவி ஒன்று போதும். 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ செய்ததைப் பாருங்கள். மேலே ‘டைரக்டர்’ என்ற ஒரு நிரல், விளையாடுபவர் எங்கே என்று தெரிந்துகொண்டு, ஜந்துவுக்குத் தோராயமான பகுதியை மட்டும் காட்டும். ஜந்து தன் காதையும் கண்ணையும் வைத்துத்தான் தேடிக்கொள்ளும். இரண்டும் ஒரே மூளையானால் மோசடி என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒலியில் ஒரே விஷயம். எல்லா அடுக்கையும் 30 விநாடி லூப்பாக வைத்தால் காது கண்டுபிடித்துவிடும். 37, 53, 71 என்று ஒன்றுக்கொன்று வகுபடாத நீளங்களில் வையுங்கள். கதை இலையுதிர்காலத்தின் முடிவில் நடந்தால் பூச்சிச் சத்தமே வேண்டாம். செந்நரியின் அலறல் போதும், பெண் கதறுவது போலவே இருக்கும்.

காட்சிப் பிழைகளுக்கு வருகிறேன். கல்லறைகளில் சிலுவை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் வைத்ததில்லை, சிறகு முளைத்த மண்டையோட்டைத்தான் ஸ்லேட் கல்லில் செதுக்கினார்கள். வீடுகள் உருண்டை மரத்தில் அடுக்கியவை அல்ல, சட்டம் கட்டிப் பலகை அறைந்தவை. சூனியக்காரியை எரிக்கும் காட்சியும் வேண்டாம். 1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் மேல் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள், யாரையும் எரிக்கவில்லை. கடிதங்களில் தேதி போடும்போது ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததை மறக்காதீர்கள். ஜனவரி என்றால் 1691/92 என்று இரட்டையாக எழுதுவது அன்றைய வழக்கம்.

பயம் வராததற்கு என் கணக்கில் முக்கியக் காரணம், உங்கள் காடு ஆளே கால் வைக்காத காடாக இருப்பதுதான். அந்த மண் அப்படி இல்லை. பூர்வகுடிகள் அடிப்புதரை எரித்து, நடக்கவும் வேட்டையாடவும் வசதியாக வைத்திருந்த காடு அது. 1616 முதல் 1619 வரை கொள்ளைநோய் கடற்கரை ஊர்களை அழித்தது. 1620இல் பிளிமத் குடியேறிகள் வீடு கட்டியது பட்டூக்ஸெட் என்ற, வாம்பனோக் பூர்வகுடிகளின் ஊர் காலியான இடத்தில். அதே குளிர்காலத்தில் கேப் காட் தீபகற்பத்தில், பூர்வகுடிகள் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளக் கூடைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் இடையே 1675இல் வெடித்த போரில் குடியேறிகளின் ஊர்களும் எரிந்தன. காட்டை இப்படி வரைந்து பாருங்கள். ஆள் நடக்கும்போது தரை சீராக ஏறி இறங்குகிறது. விளக்கைத் தாழ்த்தினால் வரிசை வரிசையாகச் சிறு மேடுகள். பழைய சோளக் கொல்லை. மேடுகளின் நடுவே தொடைப் பருமனில் மரங்கள் முளைத்து நிற்கின்றன. வசனமே வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பூர்வகுடி இடுகாட்டின் சாபம். தேய்ந்துபோன உத்தி என்பது ஒரு பக்கம். வாம்பனோக் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், கைவிட்டுப் போன தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களை ஆவிகளாக்குவது அநியாயம். குற்றம் செய்தவர்கள் குடியேறிகள், ஆவியும் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வரட்டும்.

அடுத்த சோதனையில் ஆவியை முழுதாக எடுத்துவிட்டு வெறும் காட்டைக் கொடுங்கள். ஆட்கள் எந்தெந்த இடத்தில் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எஞ்சினிலேயே பதிவுசெய்யுங்கள். ஆவியை அதற்கு அடுத்த வளைவில் வையுங்கள்.