அந்தச் சுவரைக் கொத்த விடாதீர்கள்!

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு, நாங்கள் இருப்பது சென்னையில். முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பழைய வெள்ளைப் பூச்சு உதிர்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கேட்கிற தொகையில் பாதிக்கு இன்னொருவர் வருகிறார். 'எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு, சிமென்ட் பூசி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சுத் தர்றேன். முன்னோர் படைப்புக்குள்ள முடிச்சிரலாம்' என்கிறார். பங்காளிகள் அவருக்கே கொடுக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பங்காளிகளிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. தரை ஈரம் அதில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதை எடுத்துவிட்டுச் சிமென்ட்டைப் பூசினால் வழி அடைபடும். அடைபட்ட ஈரம் சும்மா இருக்காது, இன்னும் மேலே ஏறும். முழங்காலில் இருப்பது இடுப்புக்கு வரும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, பட்டியையும் பெயின்ட்டையும் வெளியே தள்ளும். அதற்கு ஓர் ஐப்பசி மழை போதும்.

தேவகோட்டையில் இப்படிச் செய்த ஒரு வீட்டைப் போன கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக நின்றது. ஒன்றை நகத்தால் கீறினேன். வெள்ளையாக உப்பு மாவு கொட்டியது. விரல் முட்டியால் தட்டினால் சுவர் பொள்ளலாகக் கேட்டது. கொத்தனார் ஓர் ஓரத்தில் உளியை விட்டு நெம்பினார். சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து வந்தது, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. அந்த வீட்டுக்கார ஆச்சி பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாதி ரேட்டு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். சுண்ணாம்பு வேலையில் காசு சரக்குக்குப் போவதைவிட நாளுக்குத்தான் அதிகம் போகிறது. சுண்ணாம்பை ஊறப் போட வேண்டும், அரைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு பூச்சு இறுகியபிறகுதான் அடுத்தது. கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர்கள் இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கண்ணாடி மாதிரி இருப்பது அந்தக் கை உழைப்பால்தான். உங்கள் ஆள் குறைத்துத் தருவது இந்த நாட்களை. கொத்திப் போட்ட பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, இரண்டு கூரைச் சரிவும் சேருகிற கூடல்வாயில் தகடு ஓட்டையா, முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற வழி மண்ணடைத்துக் கிடக்கிறதா? வெளிச்சுவரை ஒட்டிப் பின்னால் யாராவது சிமென்ட் தளம் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். இவற்றைச் சரிசெய்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பால் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். கூடுதல் ரேட்டு கேட்கிறார் என்பதற்காக அந்தச் சுண்ணாம்பு வேலைக்காரரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறும், எத்தனை பூச்சு, சிமென்ட் கலப்பாரா என்பதை எழுதி வாங்குங்கள். வளவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டில் ஒரு மூலையைப் பூசிக் காட்டச் சொல்லுங்கள். படைப்புக்கு வருகிற சொந்தக்காரர்கள் உதிர்ந்த சுவரைப் பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: புது வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்தோம். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போகட்டும் என்று ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். பூவெல்லாம் மங்கிவிட்டது. பாலிஷ் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமென்ட்டைக் கையால் ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் கொடுத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் சிமென்ட்டைத் தின்றுவிடும். சாயமும் அதோடு போய்விடும். மிஷின் பாலிஷ் வேண்டவே வேண்டாம், மிச்சம் இருக்கிற சாயத்தையும் அது சுரண்டிவிடும். நல்ல தண்ணீரால் பலமுறை அலசிக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவாருங்கள். லேசாக மங்கியது ஓரளவு தேறும். பூவே அழிந்த கற்களை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு வேலை எடுத்தவருடையது, தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: சதுர அடிக்கு எல்லோரையும்விடக் குறைவாகச் சொன்னார் என்று ஒருவரிடம் மாடி வேலையைக் கொடுத்தோம். பெரும்பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார். போனும் எடுப்பதில்லை. இனி என்ன வழி?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வழி இருக்கிறது தாயி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். சிவகங்கையில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன் அவருடைய விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஜிபே, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

அவசரப்பட்டு வேறு ஆளை இறக்கிவிடவும் வேண்டாம். நிற்கிற வேலையைத் தேதியோடு படம் எடுத்து, ஓர் என்ஜினியரை வைத்து அளந்து, எவ்வளவு முடிந்திருக்கிறது, எது தரமில்லை என்று கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆளுக்கு அட்வான்ஸ் சிறிதாகவே இருக்கட்டும். மீதியைத் தளம், பூச்சு, தரை என்று ஒவ்வொன்றும் முடிந்தபின் கொடுங்கள். நனைகிற இடத்துக்கு இன்றைக்கே ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டுவிடுங்கள்.