கேளுங்கள், சொல்கிறேன்: நாலடி பதினொரு அங்குலப் பாடகர்

கேள்வி: பழைய ஜெர்மன் இசைத்தட்டுகள் கேட்கும் என் மகன் ஜோசப் ஷ்மிட் என்ற பாடகரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறான். யூத ஜெப ஆலயத்தில் பாடியவராம், பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகமான ஆப்பராவும் பாடினாராம். யார் சார் அவர்? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பையனுக்கு நல்ல காது அம்மா, தடுக்காதீர்கள். ஷ்மிட் 1904-இல் புகோவினாவில், தாவிதெனி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியா, இன்று உக்ரைன். அந்தப் பக்கம் திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று நாட்டைப் பார்த்துவிடலாம்.

செர்னோவிட்ஸ் நகர ஜெப ஆலயத்தில் சிறுவனாகச் சேர்ந்திசையில் பாடி, வளர்ந்ததும் அங்கேயே ஹஸ்ஸான் ஆனார். வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபு வழுவாத ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளன்று வாத்தியம் கிடையாது. கூட்டம் முழுவதையும் ஒரு குரல்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு சொல்லைப் பிடித்து நின்று, விம்மி, சுழன்று இறங்குகிற அந்தப் பாணி அவர் தொண்டையை விட்டுப் போகவே இல்லை. இத்தாலிய ஆப்பராவில் காதலியை உருகி அழைக்கும்போதுகூட அந்த விம்மல் எட்டிப் பார்க்கும்.

பெர்லினில் இசை படித்தார். குரலில் குறையில்லை, உயரத்தில்தான் தகராறு. ஐந்தடிக்கும் குறைவான கதாநாயகனை மேடையேற்ற ஆப்பரா அரங்குகள் தயங்கின. 1929-இல் பெர்லின் வானொலி அவரை எடுத்துக்கொண்டது. மைக்குக்கு உயரம் தெரியாது அல்லவா? மேயர்பேர் இசையமைத்த ஆப்பராவில் வாஸ்கோ ட காமாவாகத் தொடங்கி, வானொலிக்காக மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பராக்கள் பாடினார். முகம் தெரியாமலே நாடு முழுக்கப் பிரபலம்.

கேள்வி: அவ்வளவு புகழ் இருந்தும் ஏன் ஓட வேண்டி வந்தது? சுவிட்சர்லாந்து போயும் பிழைக்கவில்லையாமே? - அதே வாசகி

பதில்: மைக்குக்கு ஒன்றும் தெரியாது, அதை வைத்திருந்தவர்களுக்கு யார் யூதர் என்று தெரியும். 1933-இல் ஹிட்லர் வந்ததும் வானொலி நிலையத்தின் கதவு சாத்தப்பட்டது. ஷ்மிட் நாயகனாக நடித்த படம் மே 9 அன்று பெர்லினில் வெளியாகி, கூட்டம் கைதட்டித் தீர்த்தது. மறுநாள் இரவு அதே நகரில் யூத எழுத்தாளர்களின் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

வியன்னாவுக்குப் போனார். 1937-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடிவிட்டு ஐரோப்பாவுக்கே திரும்பினார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்: அமெரிக்காவிலேயே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா மனுஷன்! 1938-இல் ஆஸ்திரியாவும் ஹிட்லர் கைக்குப் போனது. பெல்ஜியம் போனார். 1939-இல் பிரஸ்ஸல்ஸில் 'லா போயெம்' ஆப்பராவில் ரொடால்ஃபோவாக, வேஷம் கட்டி, மேடையிலேயே பாடினார். ஓடிவந்த இடத்தில்தான் அதற்கு வழி கிடைத்தது.

1940-இல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, பிரான்சுக்கு ஓட்டம். கியூபாவுக்குக் கப்பலேற முயன்றார், நடக்கவில்லை. 1942 அக்டோபரில் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து. ஜூரிச் அருகே கீரன்பாத் என்ற அகதி முகாமில் அடைத்தார்கள். தொண்டை புண்ணாகி மருத்துவமனைக்குப் போனார். நெஞ்சும் வலிக்கிறது என்றார். தொண்டையை மட்டும் கவனித்து, ஆள் தேறிவிட்டார் என்று முகாமுக்கே அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 16 அன்று, முகாமுக்குப் பக்கத்துச் சத்திரத்தில் கொஞ்சம் படுத்துக்கொள்ளப் போனவர், மாரடைப்பில் அங்கேயே இறந்தார். வயது 38. அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதிக்கும் காகிதம் மறுநாள் வந்ததாம்.

கேள்வி: சாமி பாட்டு பாடுகிறவர் ஆப்பராவும் பாடினால் யூதர்கள் கோபிக்க மாட்டார்களா? - ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆளுக்கு ஆள் மாறும். யோசெலே ரோசன்பிளாட் என்ற மகா ஹஸ்ஸான் 1918-இல் சிகாகோ ஆப்பரா கூப்பிட்டும் போக மறுத்தவர். ரிச்சர்ட் டக்கரோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் நாயகனாகப் பாடிக்கொண்டே ஜெப ஆலயத்திலும் பாடினார். ஷ்மிட் இரண்டுக்கும் இசைத்தட்டு கொடுத்திருக்கிறார். கும்பகோணத்து அம்மாவின் மகன் கேட்டாரோ என்னவோ, அடோல்ஃப் ஆதாம் இசையமைத்த ஆப்பராவில் தபால் வண்டிக்காரன் பாடும் பாட்டைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆண் குரல்கள் அஞ்சுகிற உச்ச ஸ்தாயியில், சிரித்தபடி ஏறி நிற்பார். ஹெட்போனில் கேட்பதானால் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளட்டும்.