சிமுலேஷனும் ஆராய்ச்சியும் – கடிதம்

வணக்கம் சார்,

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஃப்ளூயன்ட் மென்பொருளில் ஒரு காரைச் சுற்றிக் காற்று ஓடுவதை சிமுலேஷன் செய்தேன். மிகவும் பிடித்துவிட்டது. இதிலேயே ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் ஐடி வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். மென்பொருள் நன்றாகத் தெரிந்தால் போதுமா? இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

மென்பொருள் தெரிந்தால் வேலை கிடைக்கும். பெங்களூர், புனே, சென்னையில் அதற்கு ஆள் எடுக்கிறார்கள். மெஷ் போட்டு (காற்று ஓடும் இடத்தைச் செல் எனும் சிறு கட்டங்களாகப் பிரித்து), ஓட்டி, ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். நல்ல வேலைதான். ஆராய்ச்சி வேறு.

மென்பொருள் எப்படியும் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் போட்டுவிடும். தப்பான விடைக்கும் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த விடையை நம்பலாமா என்று குடைவதில்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது.

இதற்கு ஒரு பழைய உதாரணம். வானிலையைக் கணக்குப் போட்டே சொல்ல முயன்ற ஆங்கிலேய விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப்போரின்போது பிரான்ஸில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவர். அங்கிருந்தபடியே காற்றின் சமன்பாடுகளைக் கையால் கணக்குப் போட்டார். 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும்? 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. கடும் புயல்கூட ஆறு மணி நேரத்தில் அழுத்தத்தை அவ்வளவு மாற்றாது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. மனிதர் அதை மறைக்காமல் 1922இல் தன் புத்தகத்தில் அச்சிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து வானிலை விஞ்ஞானி பீட்டர் லிஞ்ச் அதே தரவில் இருந்த இரைச்சலை (பொய்யான வேக அலைகளை) வடிகட்டிவிட்டு மறுபடி கணக்கிட்டார். மாற்றம் ஒரு மில்லிபாருக்குள் அடங்கியது. முறை சரிதான், தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும்தான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

உங்கள் காருக்கு வருவோம். மெஷ்ஷை இரண்டு மடங்கு நெருக்கமாக்கினால் ட்ராக் (காருக்குக் காற்று தரும் எதிர்ப்பு) எவ்வளவு மாறுகிறது? சுவரை ஒட்டிய முதல் செல்லில் ஒய்-ப்ளஸ் (அந்த செல் சுவருக்கு எவ்வளவு அருகில் என்று காட்டும் எண்) என்ன? காற்றின் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிட கே-எப்சிலான் மாடலை ஏன் எடுத்தீர்கள்? ட்யூட்டோரியலில் அப்படித்தான் இருந்தது என்றால் செல்லாது. (வைவாவில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள்.)

எதிர்காலமும் அந்த மாடல்களில்தான் இருக்கிறது. 1987இல் கிம், மொயின், மோசர் மூவரும் மாடலே இல்லாமல், இரண்டு தட்டையான சுவர்களுக்கு நடுவே ஓடும் கொந்தளிப்பை முழுதாகக் கணக்கிட்டார்கள். அதற்கே சுமார் 40 லட்சம் புள்ளிகள் தேவைப்பட்டன. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகத்தையும் அளவையும் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண்) பத்து மடங்கானால் புள்ளிகள் ஏறக்குறைய 180 மடங்காகும். முழு விமானத்தை அப்படிப் போட இன்றைய சூப்பர் கம்ப்யூட்டருக்கும் கட்டாது. அதனால் நல்ல மாடலுக்கான தேடல் இப்போதைக்கு ஓயாது.

முதலில் ஒரு சதுரப் பெட்டி, மேல் மூடி மட்டும் நகர்கிறது, உள்ளே திரவம். இதற்கு நீங்களே பைத்தானில் நிரல் எழுதுங்கள். ரெனால்ட்ஸ் எண் 100, 400, 1000 என்று ஏற்றி, 1982இல் கியா, கியா, ஷின் வெளியிட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருள்; இலவசம், உள்ளே நடப்பதையும் திறந்து பார்க்கலாம். கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதினால் இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். 2023இல் உயர்த்திய பிறகு ஆராய்ச்சி மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. பிஎச்டி முடிய ஐந்து வருடம் ஆகலாம். அதற்குள் ஐடிக்குப் போன நண்பன் வீட்டுக்கடன் வாங்கியிருப்பான். இப்போது குடும்பத்துக்குச் சம்பளம் அவசியம் என்றால் ஐடிக்கே போங்கள், இரண்டு வருடம் கழித்து கேட் எழுதலாம். அங்கே நிரல் எழுதிய பழக்கம் இங்கே வீணாகாது.