42இல் உள்ள 4 எவ்வளவு?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 2 படிக்கிறான். 'த்ரீ ஹன்ட்ரட் அண்ட் ஃபைவ்' எழுதச் சொன்னால் 3005 என்கிறான். 42இலிருந்து 17ஐக் கழித்தால் 35 வருகிறது. ஆனால் ஒன்று, பத்து, நூறு எனப் பிரிக்கும் இடமதிப்பு அட்டவணையைத் தப்பில்லாமல் நிரப்புகிறான். அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம் வாங்கவா, டியூஷனில் சேர்க்கவா? (சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு தாயார்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எந்த இலக்கம் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று தெரிந்தாலே அட்டவணையை நிரப்பிவிடலாம். அதற்கு இடமதிப்பு புரிய வேண்டியதில்லை.

16 கொண்டைக்கடலையை எண்ணி, 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6ஐத் தொட்டு, "இதற்குரிய கடலையைக் காட்டு" என்றால் ஆறைக் காட்டுவான். அடுத்து 1ஐத் தொடுங்கள். ஒரே ஒரு கடலையை நகர்த்தினால் சிக்கல் அங்கேதான். மிச்சம் ஒன்பது எங்கே போயிற்று என்று கேட்டால் பல பிள்ளைகள் விழிப்பார்கள்.

ஐஸ்கிரீம் குச்சிகளும் ரப்பர் பேண்டும் வாங்குங்கள். 42 குச்சிகளை அவனே எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பயனில்லை. பிறகு 17ஐ எடுக்கச் சொல்லுங்கள். உதிரியாக இருப்பது இரண்டுதான், வேண்டியதோ ஏழு. எதுவும் சொல்லிக்கொடுக்காமல் காத்திருங்கள். ஒரு கட்டை அவனாகவே அவிழ்ப்பான்: இப்போது 3 கட்டு, 12 உதிரி. குச்சி ஒன்றுகூடக் குறையவில்லை, இன்னும் 42தான். இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 42 என்பது 4 பத்தும் 2 ஒன்றும். 3 பத்தும் 12 ஒன்றும். 2 பத்தும் 22 ஒன்றும்கூட. தினமும் ஓர் எண்ணைக் கொடுத்து "வேற எப்படிப் பிரிக்கலாம்?" என்று கேளுங்கள். அவனுக்கு 35 வந்தது 7இலிருந்து 2ஐக் கழித்ததால். ஒன்றையும் பத்தையும் தொடர்பில்லாத இரண்டு கணக்காகப் பார்க்கிறான். 'பக்கத்துல கடன் வாங்கு' என்று நாம் படித்த பாணியில் சொல்லிக்கொடுக்காதீர்கள். எப்போது திருப்பிக் கொடுப்பது என்று பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை!

3005 வேறு வகைத் தவறு. காதில் விழுந்தபடி 300ஐ எழுதி, பக்கத்தில் 5ஐ ஒட்டியிருக்கிறான். அட்டையில் 300 என்று நீளமாகவும், 5 என்று ஓர் இலக்க அகலத்திலும் எழுதி வெட்டுங்கள். 300இன் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5ஐ வைத்தால் 305. அட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் 300 அப்படியே இருக்கும். 40, 2 என்றும் செய்து மாற்றி மாற்றி அடுக்கட்டும்.

பணம் அதற்குப் பிறகுதான். 10 வெள்ளி (டாலர்) தாளுக்குள் பத்து நாணயம் கண்ணுக்குத் தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும். குச்சிக்கட்டு பழகியவனுக்கு அந்த நம்பிக்கை எளிது. 1 வெள்ளி நாணயம், 10 வெள்ளித் தாள், 100 வெள்ளித் தாள் போதும். 2, 5, 50 வெள்ளித் தாள்களை அப்போது ஒளித்து வையுங்கள். புளோக் எண்ணையும் பேருந்து எண்ணையும் பாடமாக்க வேண்டாம். 168ஆம் பேருந்தை இங்கே 'ஒன் சிக்ஸ் எய்ட்' என்றுதான் சொல்கிறோம். அது பெயர், அளவு அல்ல.

பள்ளியிலும் பொருள், படம், குறியீடு என்ற வரிசைதான். அது உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்திலிருந்து வந்தது. வகுப்பு வேகத்தில் சில பிள்ளைகள் பொருளைச் சரியாகத் தொடாமலே குறியீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் தேர்வுகள் 2019 முதல் இல்லை, ஆகவே அவசரமும் இல்லை. ஆனால் தொடக்கநிலை 3இல் எண்கள் 10,000 வரை போகும். அதற்குள் குச்சி, அட்டை இல்லாமலே 42ஐ மூன்று விதமாகப் பிரிக்க வந்துவிட்டால் நல்லது. சில வாரங்கள் கழித்தும் கட்டுகளை 10, 20, 30 என்று எண்ணாமல் ஒவ்வொரு குச்சியாகவே எண்ணினால், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கணிதத்தில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் ஆதரவுத் திட்டம் உண்டு.