கல்லூரி நூலகர்கள் மற்ற துறைப் பாடங்களுக்குள் போய் எப்படிக் கற்பிக்கிறார்கள்?

கேட்டவர் நூலக அறிவியலில் முதுகலை படிக்கிறார். "நூலகர் புத்தகம் கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது, வகுப்பும் எடுக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். பொருளியல், தமிழ், விலங்கியல் என்று இருக்கிற பாடங்களுக்குள் நூலகர் எப்படி நுழைவது?" என்பது கேள்வி.

அசைன்மென்ட் வழியாக நுழைய வேண்டும். என் அனுபவத்தில் வேறு வழி எதுவும் நிலைக்கவில்லை.

நான் ஒரு அரசு தன்னாட்சிக் கல்லூரியில் நூலகர். பதினெட்டு வருட சர்வீஸ். முதல் ஆறேழு வருடம் மற்ற நூலகர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். கல்லூரி திறந்த வாரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை அறுபது அறுபது பேராக வரவழைத்து, எந்த அலமாரியில் எந்தத் துறை, எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், கம்ப்யூட்டரில் எப்படித் தேடுவது என்று முக்கால் மணி நேரம் விளக்குவேன். அக்கறையாகத்தான் சொல்வேன், அவர்களும் அமைதியாகக் கேட்பார்கள். ஆனால் அன்றைக்கு அவர்களுக்குத் தேட வேண்டியது என்று ஒன்றுமே இல்லை. மூன்றாம் ஆண்டுக் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் கொடுத்ததும் அதே பிள்ளைகள் வந்து, "மேடம், ஜர்னல்னா என்ன? அது எங்க இருக்கும்?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசிக்காத நேரத்தில் பரிமாறிவிட்டு, பசிக்கிற நேரத்தில் நாங்கள் பந்தியில் இல்லை.

மாற்றம் பொருளியல் துறையிலிருந்து வந்தது. ஒரு நாள் அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் அசைன்மென்ட் கட்டோடு நூலகத்துக்கு வந்தார். தமிழ்நாட்டுப் பொருளாதாரம் என்ற தாள், நகரமயமாதல் என்ற தலைப்பு. நாற்பத்திரண்டு பேர் எழுதியதில் முப்பது பேருக்கு மேல் ஒரே பத்தி, அதே எழுத்துப்பிழையோடு. "இவங்களுக்கு எங்க தேடறதுன்னே தெரியல. ஒரு ஹவர் வந்து பேசறீங்களா மேடம்?" என்று கேட்டார். ஒரு ஹவர் பேசி ஒன்றும் ஆகாது, அடுத்த முறை அசைன்மென்ட் கேள்வியையே நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாமா சார் என்று கேட்டேன். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய கொடை அந்த அரை மணி நேரம்.

"நகரமயமாதல் பற்றிக் கட்டுரை வரைக" என்றிருந்த கேள்வி இப்படி மாறியது: "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரங்களில் வாழ்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? எந்த ஊரையெல்லாம் நகரம் என்று கணக்கில் எடுத்தார்கள்? உங்கள் ஊர் எந்தப் பக்கம் வருகிறது?" இதற்கு யாரைப் பார்த்தும் காப்பி அடிக்க முடியாது, ஏனென்றால் ஆளுக்கு ஒரு ஊர்.

மூன்று ஹவர் எனக்குக் கொடுத்தார், மூன்றும் தள்ளித் தள்ளி. முதல் ஹவரில் தேடும் சொற்கள். பிள்ளைகள் கேள்வியை அப்படியே முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்வார்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, அதில் எது கருத்து, எது வெறும் ஒட்டுச்சொல் என்று பிரிப்போம். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் வேறு என்னென்ன பெயர் உண்டு என்று அவர்களே சொல்ல வேண்டும். 'அர்பனைசேஷன்' என்ற சொல்லை எஸ் போட்டுத் தேடினால் ஒரு அளவு கட்டுரை வரும், இசட் போட்டுத் தேடினால் வேறு அளவு வரும். இரண்டையும் அவர்கள் கண்ணெதிரே தேடிக் காட்டுவேன். அந்த ஒரு காட்சிக்கு இருக்கிற பலம் பத்து பக்கக் கையேட்டுக்கு இல்லை.

இரண்டாவது ஹவர்தான் என் மனதுக்கு நெருக்கமானது. ஒவ்வொரு குழுவும் 48.4 என்ற எண் இருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். செய்தித்தாள், போட்டித்தேர்வுக் கையேடு, யாரோ எழுதிய வலைப்பதிவு, எதுவானாலும் சரி. அது எங்கிருந்து எடுத்தது, அதற்கு முன் எங்கிருந்து எடுத்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்போம். பாதிப் பக்கங்கள் நடுவழியில் நின்றுவிடும், யாரும் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசியில் கணக்கெடுப்பு அட்டவணைக்கும், அதில் நகரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்துக்கும் வந்து சேர்வோம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போலச் சட்டப்படி நகரம் என்று அறிவிக்கப்பட்டவை ஒரு வகை. அப்படி அறிவிக்கப்படாவிட்டாலும் குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலைக்குப் போகும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் சேர்ந்தால் அது இன்னொரு வகை.

இதைப் படித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்க ஊர்ல பாதிப் பேர் வாழைத் தோட்டத்து வேலைக்குத்தான் மேடம் போறாங்க. நாங்க டவுனா?" அவள் ஊர் பேரூராட்சி. ஆகவே கணக்கெடுப்பில் நகரம். அங்கே பேராசிரியர் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் அதிகம், அவையெல்லாம் நகரக் கணக்கில் சேர்கின்றன, 2004-இல் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கிவிட்டு 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாகவே மாற்றினார்கள் என்று சொல்லி, அரசாணை மாறினால் ஒரு ஊர் இருந்த இடத்திலேயே கிராமமும் ஆகும், நகரமும் ஆகும் என்றார். அந்த ஹவரில் யார் பொருளியல் நடத்தியது, யார் நூலகம் நடத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்பது என்றால் நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

மூன்றாவது ஹவர் வகுப்பில் இல்லை, நூலகத்தில். முதல் வரைவோடு வருவார்கள். மேசை மேசையாகப் போய் மேற்கோளையும் துணைநூல் பட்டியலையும் பார்ப்பேன்.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இன்டெர்னல் 25, அதில் அசைன்மென்டுக்கு 5. அந்த ஐந்தில் இரண்டைத் தேடல் குறிப்பேட்டுக்குக் கொடுக்கப் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். எந்தத் தேதியில், எங்கே, என்ன சொல் போட்டுத் தேடினேன், எத்தனை வந்தது, எதை வைத்துக்கொண்டேன், எதை ஏன் விட்டேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். இரண்டே மதிப்பெண்தான். ஆனால் அது இல்லாத வருடத்தில் பாதி வகுப்பு வரவில்லை, இருந்த வருடத்தில் எல்லோரும் வந்தார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் எர்ல்ஹாம் என்ற சின்னக் கல்லூரியில் எவன் ஃபார்பர் என்ற நூலகர் 1960-களிலேயே, நூலகப் பயிற்சி என்பது பாடத்தின் அசைன்மென்டோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்துகாட்டினார். அமெரிக்கக் கல்லூரி, ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 2000-இல் தகவல் எழுத்தறிவுக்கு, அதாவது தேவையான தகவலைத் தேடி, சரிபார்த்து, பயன்படுத்தும் திறனுக்கு, ஒரு தரப்பட்டியல் வெளியிட்டது. 2016-இல் அதைக் கைவிட்டு, ஆறு கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. அந்த ஆறில் ஒன்று, ஒரு தகவலின் அதிகாரம் யார் அதை உருவாக்கினார்கள், எந்தச் சூழலில் என்பதைப் பொறுத்தது என்பது. வாழைத் தோட்டத்து ஊர்ப் பெண் அந்தச் சட்டகத்தைப் படித்தது இல்லை, ஆனால் அவள் கேட்டது அதைத்தான். நம் பக்கத்திலும் வேர் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். நம் துறையின் தந்தை வகுப்பறையிலிருந்து வந்தவர் என்பதை வகுப்புக்குப் போகத் தயங்கும் இளம் நூலகர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

பிஎச்.டி. நிலையில் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஆராய்ச்சி, வெளியீட்டு அறநெறி என்ற பாடத்தைக் கோர்ஸ் வொர்க்கில் கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். அதில் யாரும் கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுகல் வெளியீட்டுக்கு 4 மணி, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் என்ற அலகுக்கு 7 மணி. இந்தப் பதினொரு மணி நேரத்தையும் நூலகர் எடுப்பதுதான் இயல்பு, எங்கள் கல்லூரியில் நான்தான் எடுக்கிறேன். சிமிலாரிட்டி, அதாவது மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று மட்டும் தெரிந்து வருகிறவர்களுக்கு, அந்த எண்ணைக் குறைக்கும் வித்தையைச் சொல்லித்தராமல், எப்படிப் படித்துக் குறிப்பெடுத்தால் அந்தப் பயமே வராது என்று சொல்லித்தர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தமிழ்த் துறையில் வேறு மாதிரிப் போனேன். எம்.ஏ. மாணவர்கள் சங்கப் பாடல்களை இணையத்திலிருந்து எடுத்து எழுதுவார்கள், எந்தப் பதிப்பு என்று இருக்காது. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றின் மின்படியை ஒரு பக்கம், அவர்கள் எடுத்த இணையப் பக்கத்தை மறுபக்கம் வைத்து, அடிக்குறிப்பில் இருக்கும் பாடபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை, பார்க்கச் சொன்னேன். ஒரு பாடலுக்கு ஒரே வடிவம்தான் என்று நினைத்திருந்தவர்கள் நெடுநேரம் எழுந்து போகவில்லை.

போன வருடத்திலிருந்து இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. ஒரு மாணவர் ஒன்பது கட்டுரைகளின் பட்டியலோடு வந்து, "ஒண்ணுகூடக் கிடைக்கல மேடம், எடுத்துத் தாங்க" என்றார். நானும் தேடினேன். பத்திரிகைப் பெயர் உண்மை, தொகுதி எண்ணும் உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை இருந்தது. சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த பட்டியல். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, இருக்கிறது என்று நம்பித்தான் கேட்டார். ஆகவே திட்டவில்லை. இப்போது எல்லாத் துறை வகுப்பிலும் பதினைந்து நிமிடம் இதற்கு. டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கும் இணைய அடையாள எண்ணை, போட்டுத் திறந்து பார், பத்திரிகையின் சொந்தத் தளத்தில் அந்த இதழின் உள்ளடக்கப் பக்கத்தைப் பார், கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதே.

2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. சின்ன ஊர்க் கல்லூரிக்கு இது கனவிலும் இல்லாத செல்வம். யாராவது உட்கார்ந்து சொல்லித்தராவிட்டால் அது பூட்டிய வீடு மாதிரித்தான் கிடக்கும்.

சிரமங்களையும் மறைக்க வேண்டாம். மானியக் குழுவின் 2018 விதிமுறையில் நாம் 'ஆசிரியர்களும் ஏனைய கல்விப் பணியாளர்களும்' என்ற தலைப்பில் அந்த 'ஏனைய'வில் வருகிறோம். சம்பள நிலை உதவிப் பேராசிரியருக்குச் சமம், ஆனால் டைம்டேபிளில் நம் பெயர் இருக்காது. ஒரு நூலகர், இரண்டாயிரம் பிள்ளைகள் என்றால் எல்லா வகுப்புக்கும் போகவும் முடியாது. துறைக்கு ஒரே ஒரு தாள் என்று தேர்ந்தெடுங்கள், அசைன்மென்ட் உள்ள தாளாகப் பார்த்து.

அப்புறம், எனக்கு வலித்த ஒன்று. அந்தப் பொருளியல் பேராசிரியருக்கு மாற்றல் வந்தது. அவரோடு வகுப்பும் போய்விட்டது. புதிதாக வந்தவர் நல்லவர், ஆனால் எங்கள் ஏற்பாடு எந்தக் காகிதத்திலும் இல்லை, பழைய கேள்வியே திரும்பி வந்தது. இரண்டு வருடம் காத்திருந்து, பாடத்திட்டக் குழு கூடும்போது துறைத்தலைவரிடம் கேட்டுச் சிறப்பு அழைப்பாளராகப் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது அலகில் ஒரே ஒரு வரி கேட்டேன்: "புள்ளிவிவர ஆதாரங்களைத் தேடுதலும் சரிபார்த்தலும் — நூலகத்துடன் இணைந்து, 3 மணி நேரம்." சிலர் தயங்கினார்கள். மூன்று மணி நேரத்துக்கு யார் அட்டெண்டன்ஸ் எடுப்பது என்று ஒரு கேள்வி வந்தது, நானே எடுக்கிறேன் என்றேன். வரி சேர்ந்தது. இனி எனக்கே மாற்றல் வந்தாலும் என் இடத்துக்கு வருகிறவரைத் தேடி அந்தத் துறை வரும்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் பாடத்திட்டப் புத்தகத்தை ஒரு படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு ஆசிரியர், பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று வருத்தப்பட்டால், அந்த அசைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.